லஸ்கரின் சுவர்: வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் ஒரு நிகழ்வு ஆய்வு

நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில், காவிரியின் கிளையான வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து கடைமடையை நோக்கிச் செல்கின்றன. அந்தப் பாசனப் பகுதியில் உள்ள சட்ரஸ் ஒன்றில், அதாவது ஆற்றுநீரை ஷட்டர்களால் தடுத்துத் திறந்துவிடும் மதகில், லஸ்கர் என்னும் காவல் பணியாளராக வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆறு அடித்துக்கொண்டு வந்த பொருள்களைக் கொண்டு தம் கொல்லையில் நீண்ட மண்சுவர் ஒன்றை எழுப்பினார். கொல்லையிலும் அதை ஒட்டிய ஆற்றங்கரையிலுமாகப் பல உருவங்களையும் செய்து வைத்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மண்வேலையோ சுதைவேலையோ யாரிடமும் கற்றவர் அல்லர். செய்ததில் ஒன்றைக்கூட விற்றதில்லை. ஊர் அவரைப் பொழுது போகாத மனிதர் என்று விட்டுவிட்டது. பிறகு வெளியூர்க்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அவர் செய்யாத ஒன்றுக்காகக் கொண்டாடினார்கள். அதற்கும் பிறகுதான் அவர் செய்தது என்ன என்பது விளங்கத் தொடங்கியது. இந்த மூன்று கட்டங்களையும் பதிவு செய்து, தானே கற்ற கலைஞர் ஒருவரை நாம் அடையாளம் காணும்போது எந்த இடத்தில் தவறுகிறோம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் இப்போது இல்லை. குடும்பத்தாரின் விருப்பப்படி அவருடைய பெயரையும் ஊரையும் தரவில்லை. பின்னாளில் அந்தச் சுவரை ஆவணப்படுத்திய குழுவில் எழுத்துவேலையைக் கவனித்தவன் என்ற முறையில், நான் கண்டதையும் உடனிருந்தோர் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

ஆறு கொண்டுவந்தவை

லஸ்கர் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. மேலிடத்து உத்தரவுப்படி ஷட்டரை ஏற்றி இறக்குவது, கேஜில் நீர்மட்டம் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது, கரையில் எலி வளையோ நண்டு வளையோ விழுந்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பது, ஐப்பசி கார்த்திகை மழையில் உடைப்பு எடுத்துவிடாதபடி இரவெல்லாம் கண்விழித்திருப்பது ஆகியவை அவருடைய கடமைகள். இவற்றோடு, ஷட்டரில் வந்து அடைக்கும் குப்பையைக் கொக்கிக் கழியால் இழுத்துக் கரையேற்றுவதும் அவர் வேலைதான். ஆண்டின் முதல் தண்ணீர் வரும்போது, கோடையில் காய்ந்து கிடந்த ஆற்றுக்குள் மாதக்கணக்கில் சேர்ந்த அனைத்தும் அதற்கு முன்னால் உருண்டு வரும். பெரும்பகுதி வெங்காயத்தாமரை. அதற்குள் சிக்கிக்கொண்டு உடைந்த பானை, கலயம், அகல், பீங்கான் கோப்பை, வளையல் துண்டு, கை இழந்த பொம்மை, ஒற்றைச் செருப்பு, கண்ணாடி உடைந்துபோனதால் ஆற்றில் விடப்பட்ட சாமிப்படம் ஆகியவையும் வந்து சேரும். மற்ற லஸ்கர்கள் இவற்றைக் குவித்து எரிப்பார்கள் அல்லது பள்ளத்தில் தள்ளுவார்கள். இவர் பிரித்து வைத்தார்.

பிரிப்பதில் அவருக்கு விதிகள் இருந்தன. சாமிப்படம் வந்தால் சட்டத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு படத்தைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். சுடுகாட்டுத் துறையிலிருந்து வந்த கொள்ளிக்குடத்துச் சில்லு என்று தெரிந்தால் தொடமாட்டார். “அது போற வழி வேற” என்பதே அவர் சொன்ன காரணம். பிளாஸ்டிக் பாட்டிலை அவர் ஒருபோதும் பயன்படுத்தவில்லை. இதற்குக் காரணம் கொள்கை அல்ல. வழுவழுப்பான பாட்டிலை மண் பிடிப்பதில்லை. வெயிலில் பாட்டில் விரிந்து சுருங்கும்போது சுற்றியுள்ள பூச்சு விட்டுப்போகிறது. இதை அவர் தொடக்கத்திலேயே செய்துபார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்.

மண்ணைப் பதப்படுத்துவதிலும் அப்படித்தான். டெல்டாவின் வண்டல் ஈரத்தில் வெண்ணெய்போல் இழையும், காய்ந்தால் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும். அதைத் தனியாகப் பயன்படுத்திய முதல் உருவங்கள் ஒரு கோடையைக்கூடத் தாங்கவில்லை என்று அவருடைய மனைவி சொன்னார். பிறகு ஆற்றுமணல், உமி, சாணம் ஆகியவற்றின் அளவைப் பல ஆண்டுகள் மாற்றிமாற்றிப் பார்த்து, வெளிப்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சலித்துக் குழைத்து, தமக்கென ஒரு கலவையை அமைத்துக்கொண்டார். சிமெண்டு கையில் கிடைத்தபோதும் அடித்தளத்தைத் தவிர வேறெங்கும் அவர் அதைச் சேர்க்கவில்லை.

ஊரின் பார்வை

ஊர் அவரைக் கேலி செய்து துன்புறுத்தியது என்று எழுதினால் அது பொய்யாகும். கொல்லையில் பாம்பு அடைகிறது என்று வீட்டில் சண்டை நடந்ததுண்டு; பென்ஷன் பணத்தைச் சுண்ணாம்பில் கரைக்கிறார் என்று பங்காளிகள் பேசியதுண்டு. அதற்கு மேல் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. சிலர் வேறு விதமாகக் கவனித்தார்கள். கரையில் நின்ற உருவம் ஒன்றுக்கு வெள்ளிக்கிழமைதோறும் யாரோ விபூதி பூசி விளக்கேற்றி வந்தனர். அவர் ஒவ்வொரு முறையும் அதைக் கழுவி விட்டார். பின்னாளில் அதைப் பற்றிக் கேட்டபோது, “இது சாமியில்ல தம்பி, ஆளு. தண்ணி வந்த வருசத்து ஆளு” என்றார். அந்தச் சொல்லின் பொருள் அப்போது எங்களில் யாருக்கும் புரியவில்லை.

காவிரிப் படுகை கலையை அறியாத இடமல்ல. அதுவே இங்கே ஒரு சிக்கலாயிற்று. சுவாமிமலையில் பஞ்சலோகத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர்கள், தஞ்சாவூரில் ஓவியமும் வீணையும் நெட்டி வேலையும் செய்பவர்கள், கருப்பூர்க் கலம்காரி வரைபவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்யும் குடும்பங்கள் நிறைந்த நிலம் இது. இவற்றில் பல புவிசார் குறியீடு பெற்றவை. கும்பகோணத்தில் கலைப் பயிற்சி நிறுவனம் 1887 முதல் இயங்குகிறது. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு பொருளைக் கலை என்று ஏற்பதற்கு முன் எழும் முதல் கேள்வி, “யாருகிட்ட கத்துக்கிட்டது?” என்பதுதான். பரம்பரைக் கலையைப் போலியிலிருந்து பிரித்துக் காக்க அந்தக் கேள்வி அவசியம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்திருந்தால், குருவும் குலமும் இல்லாத ஒருவர் கண்ணுக்கெதிரே முப்பது ஆண்டுகள் வேலை செய்தாலும் தெரியமாட்டார்.

புயலுக்குப் பின் வந்த புகழ்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. திருவாரூர், நாகை, தஞ்சை மாவட்டங்களின் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அவருடைய கொல்லையில் சாய்ந்த தென்னைகள் சுவரின் ஒரு முனையை இடித்தன. உருவங்களில் பல நொறுங்கின. நிவாரணப் பொருள் கொடுக்க வந்த இளைஞர்கள் எஞ்சியவற்றைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்கள் கைபேசிகளில் சுற்றின. சில வாரங்களில் செய்தியாளர்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர்கள் அவருக்கு வைத்த அடையாளம், குப்பையிலிருந்து கலை செய்யும் முதியவர் என்பது. அப்போதைய சூழலில் அது மிக எளிதாக ஒட்டிக்கொண்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஊரெங்கும் விழிப்புணர்வு விழாக்கள் நடந்தன. அவரைப் பள்ளி விழாக்களுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பாட்டில்களால் யானையும் மயிலும் செய்துகாட்டும்படி கேட்டார்கள். பாட்டிலை மண் பிடிக்காது என்று அவர் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த அழைப்புகளில் அவர் மகிழ்ந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தது அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்த மகிழ்ச்சியைத் தாழ்வாக மதிப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் காலம் முழுவதும் சுவரின் முன்னால் யாரும் ஒரு மணி நேரம் நின்று பார்க்கவில்லை. உருவங்களோடு நின்று படம் எடுத்தார்கள்; சுவர் அந்தப் படங்களின் பின்னணி ஆயிற்று.

நல்லெண்ணம் ஒரு சேதத்தையும் விளைவித்தது. அவருடைய உருவங்கள் மங்கலாக இருப்பதாகக் கருதிய அன்பர் ஒருவர், ஆள் வைத்து அவற்றில் சிலவற்றுக்கு எனாமல் வண்ணம் பூசிக் கொடுத்தார். மண்ணும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும் தன்மையுடையது. எனாமல் அந்த வழியை அடைத்துவிடுகிறது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் அதோடு வரும் உப்பும் வண்ணத்தின் பின்னால் தங்கி மேற்பரப்பையே தள்ளிவிடுகின்றன. அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு வண்ணம் தோல் தோலாக உரிந்தது. அதோடு அவருடைய கைப்பூச்சும் உரிந்துபோயிற்று. புயல் விட்டுவைத்த சில முகங்கள் இப்படித்தான் அழிந்தன.

சுவரைப் படித்தவர்கள்

மூன்றாம் கட்டம் ஓவிய ஆசிரியர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. செய்தியைப் பார்த்து வந்த அவர், எதையும் கேட்பதற்கு முன் தம் மாணவி ஒருவரைச் சுவர் முழுவதையும் அளவெடுத்து வரையச் சொன்னார். சுமார் முப்பது அடி நீளம், ஓர் ஆள் உயரம். கிடைமட்டமாக வரிசை வரிசையாகப் பதித்த சில்லுகள். அவற்றுக்கிடையே வெறும் மண்ணில் பெருவிரல் அழுத்திய பள்ளங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் பாய் பின்னல்போன்ற அலங்காரமாகத் தோன்றும் அதை, ஒவ்வொரு சில்லாக வரைந்த மாணவிக்கு மட்டும் சில வரிசைகளில் ஓர் ஒழுங்கு பட்டது: சில சில்லுகள், பிறகு சில பள்ளங்கள், மறுபடி சில்லுகள். அவர் விவசாயக் குடும்பத்துப் பெண். சில நாள் தண்ணீர் விட்டுச் சில நாள் நிறுத்தும் முறைப்பாசனத்தை வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்தவர். “ஐயா, இது முறை வெச்ச வருசமா?” என்று அவர் கேட்டபோது, பெரியவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, அன்றுதான் முதன்முதலாகச் சுவரைப் பற்றிப் பேசினார்.

ஓர் ஆண்டுக்கு ஒரு வரிசை; ஒரு நாளுக்கு ஓரிடம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்க வேண்டிய ஜூன் 12 இல் வரிசை தொடங்குகிறது. மூடும் நாளான ஜனவரி 28 இல் முடிகிறது. ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி மண்ணைக் குழைத்து வைப்பார். அன்று சட்ரஸில் தண்ணீர் ஓடியிருந்தால் அதில் ஓட்டாஞ்சில்லு பதிப்பார். எல்லா ஷட்டரும் தூக்கிய நாளுக்கு வளையல் துண்டு. கேஜில் அபாய அளவு ஏறிய நாளுக்கு வெள்ளைப் பீங்கான். தண்ணீர் இல்லாத நாளுக்குப் பெருவிரல். இப்படி ஆண்டுக்கு ஒரு வரிசையாகச் சுவர் உயர்ந்திருக்கிறது. ஓய்வுபெற்ற பின்னும் விடியற்காலையில் கேஜைப் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். எதற்காக என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் இது: “ரிஜிஸ்டரு ஆபீசுக்குப் போயிரும். இது இங்கயே இருக்கும்ல.”

இதைச் சரிபார்க்க முடியும் என்பதுதான் எங்களை உலுக்கியது. மேட்டூர் திறந்த நாள்கள் எல்லாரும் அறிந்தவை. 2011 இல் ஜூன் 6 இலேயே திறந்தார்கள். அந்த வரிசை பெருவிரல் பள்ளங்கள் ஏறத்தாழ இல்லாமலே சில்லில் தொடங்குகிறது. 2012 இல் திறந்தது செப்டம்பர் 17. 2013 இல் ஆகஸ்டு 2. 2014 இல் ஆகஸ்டு 15. 2015 இல் ஆகஸ்டு 9. 2016 இல் செப்டம்பர் 20. 2017 இல் அக்டோபர் 2. இந்த ஆண்டுகளுக்குரிய வரிசைகளில் தொடக்கத்தில் பெருவிரல் பள்ளங்கள் நீண்டுகொண்டே போகின்றன. 2017 ஆம் ஆண்டு வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளங்களைக் கடந்தால்தான் தண்ணீர் தொடர்ந்து வந்ததைக் காட்டும் சில்லுகள் வருகின்றன. முழுப் பொருத்தம் இருக்காது. மேட்டூர்த் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாற்றில் பிரிந்து, இந்த சட்ரஸை எட்டச் சில நாள்கள் ஆகும். மேட்டூர் திறக்காமலே உள்ளூர் மழையில் ஓரிரு நாள் ஆறு ஓடுவதும் உண்டு. அத்தகைய தனிச் சில்லுகளும் வரிசைகளில் இருக்கின்றன. குறுவை பொய்த்த ஆண்டுகளை, கடைமடை விவசாயிகள் வாழ்ந்து கழித்த அந்தக் காத்திருப்பை, ஒருவர் விரலால் அழுத்தி அழுத்திப் பதிந்து வைத்திருக்கிறார் என்று தெரிந்த பின் அந்தச் சுவரின் முன் நிற்பது வேறுமாதிரியாக இருந்தது.

உருவங்களும் அப்போதுதான் புரிந்தன. தை மாதம் ஆறு வற்றிய பிறகு, அந்த ஆண்டு மீந்த பொருள்களைக் கொண்டு ஆண்டுக்கு ஓர் உருவம் செய்திருக்கிறார். முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை இருக்கும். எல்லா உருவங்களும் இரண்டு கைகளையும் மார்புக்கு முன் கொண்டுவந்து, உடலை ஒரு பக்கம் சாய்த்து நிற்கின்றன. அதைக் கூத்தாடும் நிலை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஷட்டர் திருகைச் சுற்றும் ஆளின் நிலை அது. ஒருமுறை சட்ரஸ் மேல் நின்று பார்த்தவர்களுக்கு இதில் ஐயம் எழாது.

கஜாவில் இடிந்த முனையை அவர் மண்ணால் மீண்டும் எழுப்பினார். ஆனால் அந்தப் பகுதிக்குரிய நாள்களை மீண்டும் பதிக்கவில்லை. பழைய சில்லுகள் கூடையில் இருந்தன, இடம் இருந்தது, உடம்பும் அப்போது நன்றாகத்தான் இருந்தது. பதிவேட்டைப் பார்க்காமல் எந்த நாளையும் பதிக்கக் கூடாது என்பதே அவர் முடிவு. அலங்காரமாக மட்டும் அதைச் செய்திருந்தால் நிரப்பியிருப்பார்.

கரையில் நின்ற உருவங்கள்

இந்த நிகழ்வில் நான் அதிகம் சிந்தித்தது இந்தப் பகுதியைப் பற்றித்தான். அவருடைய உருவங்களில் சில ஆற்றங்கரைப் புறம்போக்கில் நின்றன. கரையைப் பலப்படுத்தும் வேலை வருகிறது, அப்புறப்படுத்த வேண்டியிருக்கும் என்ற பேச்சு எழுந்தபோது, ஆசிரியரும் நாங்களும் மனு எழுத ஆயத்தமானோம். எங்களுக்கு முன்னுதாரணமும் இருந்தது. சண்டிகரில் பொதுப்பணித்துறைச் சாலை ஆய்வாளராக இருந்த நெக் சந்த், அந்த நகரம் கட்டப்படுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் ஓடுகளையும் பீங்கானையும் வளையலையும் சேர்த்து, கட்டடம் எழுப்பத் தடையிருந்த அரசு நிலத்தில் 1950களின் இறுதியிலிருந்து பதினெட்டு ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமல் ஒரு சிற்பத் தோட்டத்தை உருவாக்கினார். 1970களின் நடுவில் அது வெளிப்பட்டபோது சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. நிர்வாகத்தில் இருந்த சிலர் அதன் அருமையை உணர்ந்து நின்றதால், இடிப்பதற்கு மாறாக 1976 இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவரையே அதன் பொறுப்பில் சம்பளத்தோடு அமர்த்தி, வேலையாட்களையும் கொடுத்தார்கள். 1984 இல் பத்மஸ்ரீ வந்தது. இங்கும் அப்படி ஒன்று நடக்கக் கூடும் என்று நம்பினோம்.

மனுவை அவரிடம் படித்துக் காட்டினோம். மறுநாளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கரையில் நின்ற உருவங்களை அவரே இடித்து, அடித்தளத்தைத் தோண்டி எடுத்து, குழிகளில் மண் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கிவிட்டார். கரையில் கல்லும் சுண்ணாம்பும் புதைந்திருந்தால் அந்த இடத்தில் மண் ஒன்றுசேராது, நாளைக்கு உடைப்பெடுத்தால் நூறு வேலி நிலத்துப் பயிர் போகும் என்றார். “கரை கரையாத்தான் இருக்கணும்” என்று முடித்தார். அவற்றை முதலில் அங்கே வைத்தது தவறு என்று அவருக்குப் பல ஆண்டுகளாகவே மனதில் இருந்தது என்று மகள் பிறகு சொன்னார்.

ஆவணப்படுத்துவோர் பார்வையில் அது பேரிழப்பு. ஆனால் அந்தச் செயலை அவருடைய கலையிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை. சுவரில் பொய்யான நாளைப் பதிக்க மறுத்த அதே மனம்தான் கரையில் உருவத்தை வைத்திருக்கவும் மறுத்தது. நெக் சந்தின் நிகழ்வை எடுத்து இங்கே பொருத்த முயன்ற எங்களுக்கு, இவருடைய தொழில் எது என்பது அந்தக் கணத்தில் மறந்துபோயிருந்தது.

தானே கற்றவர் யார்

ஒரு விருதுக்கு அவர் சார்பில் விண்ணப்பித்தபோது, கலைப்பிரிவு, குருவின் பெயர் என்ற இரண்டு இடங்களும் நிரப்பப்படாததால் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைப் பற்றிப் பேசியபோதெல்லாம் “தானே கற்றவர்” என்று எழுதிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கிருந்தும் எதையும் பெறாதவர், விசித்திரமான மனத்தூண்டலால் செய்தவர் என்ற எண்ணத்தை அந்தச் சொல் வளர்க்கிறது. பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே 1945 முதல் இத்தகைய படைப்புகளைத் தேடிச் சேர்த்தபோது, கலைப் பண்பாட்டின் தாக்கம் படாதவர்களின் படைப்பு என்றே அவற்றை வரையறுத்தார். அவர் சேர்த்தவை 1976 முதல் சுவிட்சர்லாந்தின் லோசானில் தனி அருங்காட்சியகமாக இருக்கின்றன. பலருடைய படைப்பு அழியாமல் நின்றது அதனால்தான். இருந்தாலும், அந்த வரையறை படைத்தவரின் தொழிலைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

புகழ்பெற்ற நிகழ்வுகளைத் திரும்பிப் பார்த்தால் இது புலப்படும். பிரான்சின் ஓத்ரீவ் என்னும் ஊரில் 1879 முதல் 1912 வரை 33 ஆண்டுகள் தனியொருவராகக் கல்மாளிகை எழுப்பிய ஃபெர்டினான் ஷெவால் ஒரு கிராமத் தபால்காரர். நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் அளவில் நடந்த அந்தத் தபால் வழிதான் அவருக்குக் கல்லைக் காட்டியது. அந்த மாளிகையை அவலட்சணம் என்று சொன்ன அதிகாரிகள் இருந்தார்கள். பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ 1969 இல் அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கினார். லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் 1921 முதல் 1954 வரை கோபுரங்களை எழுப்பிய சைமன் ரோடியா கட்டுமானத் தொழிலாளி. பாதுகாப்பற்றவை என்று நகராட்சி இடிக்க உத்தரவிட்டபோது, 1959 இல் அவற்றை இழுத்துச் சோதித்தார்கள். பத்தாயிரம் பவுண்டு, அதாவது சுமார் நாலரை டன் விசைக்கும் கோபுரம் அசையவில்லை. கம்பியும் சாந்தும் எந்த அளவில் சேர வேண்டும் என்பதை அந்தக் கை ஏற்கெனவே அறிந்திருந்தது. நெக் சந்தின் சாலைப் பணியும் அப்படித்தான். இவர்களைப் பித்தர்கள் என்று தொடங்கிய செய்திகள் நூற்றுக்கணக்கில் வந்திருக்கின்றன. பித்து என்ற சொல்லை எடுத்துவிட்டு, பிழைப்புக்கு என்ன செய்தார் என்று கேட்டிருந்தால் படைப்பின் இலக்கணம் முதலிலேயே கிடைத்திருக்கும்.

லஸ்கர் வேலையும் அப்படி ஒரு பள்ளிதான். தவறாமல் பார்ப்பது, பார்த்ததை அன்றைக்கே பதிவது, பார்க்காததைப் பதியாமல் இருப்பது, மண்ணின் குணம் தெரிந்து நடப்பது ஆகியவை அங்கே கற்றுக்கொடுக்கப்பட்டன. ஆசிரியர் இப்போது புதிதாக நிரப்பியுள்ள விண்ணப்பத்தில், குருவின் பெயர் என்ற இடத்தில் அவர் வேலைபார்த்த ஆண்டுகளையும் சட்ரஸின் பெயரையும் எழுதி, கலைப்பிரிவு என்ற இடத்தில் “நீர்ப்பதிவுச் சுவர்” என்று குறித்திருக்கிறார்.

உரிமையும் பராமரிப்பும்

அவர் உயிரோடு இருந்தபோதே குடும்பத்தாருடன் எழுத்து வடிவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். படங்களின் உரிமை குடும்பத்துக்கு. உடைந்து விழுந்ததும்கூடக் கொல்லையை விட்டு வெளியே போகாது. எண் இட்டுப் பெட்டியில் வைக்கப்படும். அவருடைய கலவையைத் தவிர வேறு எதனாலும் பழுது பார்ப்பதில்லை. அலபாமாவில் அடிமையாகப் பிறந்து, முதுமையில் தெருவோரம் அமர்ந்து வரைந்த பில் டிரெய்லரின் அனுபவம் இதற்கு ஓர் எச்சரிக்கையாக இருந்தது. 1939 இல் அவரைக் கண்டுகொண்ட சார்லஸ் ஷானன் என்ற ஓவியர் அந்தப் படங்களை வாங்கிப் பல பத்தாண்டுகள் காத்து வைத்திராவிட்டால் இன்று டிரெய்லர் இல்லை. 1982 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்குப் பின் அவற்றின் மதிப்பு உயர்ந்தது. டிரெய்லரின் வழித்தோன்றல்கள் 1992 இல் ஷானன் மீது வழக்குத் தொடுக்க, அது பின்னர் சமரசத்தில் முடிந்தது. காப்பாற்றியவருக்கும் வாரிசுகளுக்கும் இடையே அப்படி ஒரு நாள் வரக் கூடாது என்றால் முதல் மாதத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டால் பாதுகாப்பும் கிடைத்துவிட்டது என்று எண்ணுவதும் ஆபத்து. 1990களில் நெக் சந்த் வெளிநாடு சென்றிருந்தபோதே அவருடைய சிற்பங்கள் பல உடைக்கப்பட்டன. பத்மஸ்ரீ வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது எஞ்சியிருக்கும் வேலைகள் இரண்டு. முதலாவது, 2011 க்கு முந்தைய வரிசைகளைப் பழைய கேஜ் பதிவேடுகளோடு ஒப்பிடுவது. பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம். பழைய பதிவேடுகள் கழிக்கப்பட்டிருந்தால், அந்த சட்ரஸின் அன்றாட நீர்க்கணக்காக அந்த ஆண்டுகளுக்குச் சுவர் மட்டுமே மிஞ்சும். ஆகவே மாணவியின் அளவு வரைபடத்தை நீர்ப்பாசனம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இரண்டாவது கூரை. அவர் ஆண்டுதோறும் கீற்று வேய்ந்து வந்தார். கீற்றுக்கூரையின் கீழ் சுவர் குளிர்ச்சியாக, ஒரே சீரான ஈரத்தோடு இருக்கும். ஆனால் ஆண்டுக்கொரு முறை மாற்ற ஆளும் பணமும் வேண்டும், எலி அடையும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. தகரம் போட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. ஆனால் கோடையில் அதன் வெக்கை மண்ணை வேகமாக உலர்த்தி வெடிப்பு விழச் செய்யும், புயலில் தகடு பறந்தால் சுவரையே வெட்டும். மகள் தகரம் வேண்டும் என்கிறார், ஆசிரியர் கீற்றுதான் என்கிறார். மூங்கில் சட்டத்தில் தகரத்தை உயரமாகப் போட்டு அதன் கீழே கீற்று வேயலாமா என்று இப்போது கொத்தனார் ஒருவரிடம் கணக்குக் கேட்டிருக்கிறோம். எது முடிவானாலும் ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.